கபலா: ரஷ்யச் சட்டத்தில் வரும் இந்தச் சொல்லின் வேர் எது?

#1 · தமிழாக்கி

எல்லோருக்கும் வணக்கம். ரஷ்யக் கூட்டமைப்பின் உரிமையியல் சட்டத்தொகுப்பிலிருந்து சில பிரிவுகளைத் தமிழாக்கும் வேலை கையில் இருக்கிறது. ஓரளவு ஓடிக்கொண்டிருந்த வண்டி 179ஆம் பிரிவில் வந்து நின்றுவிட்டது.

ஏமாற்றியோ அடித்தோ மிரட்டியோ வாங்கிய ஒப்பந்தங்கள் பற்றிய பிரிவு அது. அதன் 3ஆம் உட்பிரிவு சொல்வது இது: கடுமையான இக்கட்டுகள் சேர்ந்து நெருக்கியதால் ஒருவர் தனக்கு மிகவும் பாதகமான நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்கிறார், எதிர்த்தரப்பு அந்த நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்கிறது, அப்படியானால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு, அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கலாம். இதுவரை சிக்கல் இல்லை. அடைப்புக்குறிக்குள் இதற்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள்: "கபால்னயா ஸ்தெல்கா". ஸ்தெல்கா என்றால் ஒப்பந்தம், பேரம். கபால்னயா என்பது "கபலா" என்ற சொல்லின் பெயரடை.

அகராதியில் கபலாவுக்குக் கடனடிமை, கொத்தடிமை என்று இருக்கிறது. "கொத்தடிமை ஒப்பந்தம்" என்று போட்டால் நம் ஆட்களுக்குச் செங்கல் சூளைதான் நினைவுக்கு வரும். சட்டம் பேசுவதோ வீடு விற்பது, கடன் வாங்குவது மாதிரியான சாதாரண ஒப்பந்தங்களைப் பற்றி. இந்தச் சொல் எங்கிருந்து, எப்படி இங்கே வந்தது என்று தெரிந்தால் நல்ல தமிழ்ச் சொல் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · வேர்ச்சொல் வேலன்

இதற்கா தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள் அம்மா? கவளம், கபளம், கபளீகரம். விழுங்குதல். கடன்காரனைக் கடன் விழுங்கிவிடுகிறது, அதுதான் கபலா. ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. ரஷ்ய மொழியும் சம்ஸ்கிருதமும் ஒரே குடும்பம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அக்னி அங்கே ஒகோன், மது அங்கே ம்யோத். கவளம் நம்ம சொல், வடமொழிக்குப் போய் அங்கிருந்து மாஸ்கோ போயிருக்கிறது.

#3 · சும்மா எட்டிப்பார்த்தவன்

நான் கபாலம் என்று நினைத்தேன். கடன் வாங்கினால் மண்டை காயும் இல்லையா.

#4 · ஏடுதேடி

வேலன் அண்ணா, கபளீகரம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்த உதாரணங்களே உங்களுக்கு எதிர்சாட்சி சொல்கின்றன. அக்னியின் முதல் அகரம் ரஷ்யத்தில் ஒகரமாகியிருக்கிறது, ஒகோன். மதுவில் எகரம் வந்து பிறகு "யோ" ஆகியிருக்கிறது. நபஸ் அங்கே நேபொ, அதாவது வானம். அவி, அதாவது ஆடு, அங்கே ஒவ்த்சா. இரண்டு மொழியும் ஒரே மூலத்திலிருந்து பெற்ற சொற்களில் சம்ஸ்கிருதத்தின் குறில் அகரத்துக்கு ரஷ்ய எழுத்தில் ஒகரமோ எகரமோதான் நிற்கும். "கபல" என்பது அப்படிப் பிறந்த உறவுச்சொல்லாக இருந்தால் "கொபொல்" மாதிரி ஏதாவது ஆகியிருக்க வேண்டும். இதிலோ மூன்று அகரம் அப்படியே வரிசையாக நிற்கிறது. பார்த்தவுடனே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம். பழைய ஆவணங்களில் கபலா என்பது அடிமைநிலையைக் குறிப்பதில்லை. ஒரு காகிதத்தைக் குறிக்கிறது. கடன் பத்திரம். அதை "எழுதுகிறார்கள்", "கொடுக்கிறார்கள்", "வாங்குகிறார்கள்". விழுங்குவது என்று பொருள்படும் சொல் நேரே பத்திரத்தின் பெயராக வர வழியில்லை.

மாக்ஸ் பாஸ்மர் தொகுத்த ரஷ்ய வேர்ச்சொல் அகராதியைத்தான் இதற்கெல்லாம் முதலில் புரட்டுவார்கள். 1950 முதல் 1958 வரை ஹைடல்பர்கில் வெளிவந்தது. அவர் சேர்த்துவைத்திருந்த குறிப்புகள் 1944இல் பெர்லின் குண்டுவீச்சில் எரிந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கிய மனிதர். அவர் காட்டும் வழி: அரபு, அங்கிருந்து துருக்கிய மொழிகள், அங்கிருந்து ரஷ்யம். அரபு தெரிந்த யாராவது வந்தால் அந்தப் பக்கத்தைச் சொல்லட்டும்.

#5 · காயல் நைனா

அரபு என்றதும் வந்துவிட்டேன்.

வேர் காஃப், பா, லாம். "கபில" என்றால் ஏற்றுக்கொண்டான். நம் நிக்காஹ்வில் மாப்பிள்ளை சொல்கிற "கபூல்" இதே வேர்தான். தொழுகையில் முகம் வைக்கிற திசையான "கிப்லா"வும் இதே மூன்றெழுத்து, அதில் எதிர்நோக்குவது என்ற பொருள் முன்னால் நிற்கும். "கபாலா" என்ற பெயர்ச்சொல்லுக்குப் பொறுப்பேற்றல், பிணை, அப்படிப் பொறுப்பேற்று எழுதித்தரும் ஒப்பந்தம் என்று பொருள்.

இது வெறும் அகராதிச் சொல் இல்லை. அப்பாஸியக் கலீஃபாக்கள் காலத்து வரி நிர்வாகத்தில் இதற்குப் பெரிய இடம் உண்டு. ஒரு வட்டாரத்தின் வரியை இவ்வளவு என்று ஒருவர் அரசிடம் பொறுப்பேற்றுக்கொள்வார். பிறகு குடிகளிடம் அவர் வசூலித்துக்கொள்வார். நம்ம ஊர்க் குத்தகை மாதிரி. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கபாலா. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக நிலவரி பற்றி எழுதிய சட்ட அறிஞர் அபூ யூசுஃப் இதைக் கடுமையாக எதிர்த்தார். பொறுப்பேற்றவன் தன் லாபத்துக்காகக் குடிகளைப் பிழிந்துவிடுவான் என்பது அவர் வாதம். ஆக, இந்தச் சொல்லுக்கு மாஸ்கோ போவதற்கு முன்பே கெட்ட பெயர் உண்டு.

அது மேற்கேயும் போயிருக்கிறது. இத்தாலியில் "கபெல்லா", வரி. பிரான்சில் "கபெல்", உப்பு வரி. புரட்சி வந்ததும் 1790இல் ஒழித்தார்கள், நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். ஸ்பெயினில் அரபு முன்னொட்டோடு "அல்கபாலா", விற்பனை வரி. 1845 வரை இருந்தது. எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மேற்கே போனவை வரியாயின. வடக்கே போனது கடன் பத்திரமாயிற்று.

#6 · சும்மா எட்டிப்பார்த்தவன்

நைனா, யூதர்களின் மறைஞானம் என்று ஒன்று சொல்வார்களே, கப்பாலா, அதுவும் இதுவா?

#7 · காயல் நைனா

ஹீப்ரு அரபியின் உடன்பிறப்பு மொழி. அங்கேயும் அதே வேர் உண்டு. அந்தக் கப்பாலா என்றால் "பெற்றுக்கொண்டது", அதாவது மரபாகக் கைமாறி வந்தது. வேர் ஒன்று, வந்த பாதை வேறு. ரஷ்யத்துக்குள் அது ஹீப்ரு வழியாகத் தனியாக வந்திருக்கும்.

#8 · வோல்காக்கரை

நைனா சொன்னது சரி. ரஷ்ய எழுத்தில் மறைஞானத்துக்கு இரண்டு "ப", கடன் கபலாவுக்கு ஒரே "ப". பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் காட்டமாட்டார்கள். படித்தவர்களே எழுத்துப்பிழை விடுகிற இடம் இது. போலந்துக்காரர்களிடமும் கபாவா என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது சீட்டுக்கட்டை விரித்துக் குறி பார்ப்பது. மறைஞானத்தின் வழியில் வந்தது, கடனோடு தொடர்பில்லை.

நான் மருத்துவம் படித்தது ரஷ்யாவில். விடுதியில் இருந்த காலத்திலேயே இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டேயிருக்கும். வங்கியில் வீட்டுக்கடன் வாங்கினால் "இபத்தேச்னயா கபலா". "கபலாவில் விழுந்தான்" என்பது அன்றாடப் பேச்சு. "ஸகபலீத்" என்று வினைச்சொல்லும் உண்டு, ஒருவரை அடிமைப்படுத்துவது. நம்ம ஊரில் "கந்துவட்டியில் மாட்டினான்" என்கிற தொனி.

அப்புறம் ஒன்று: தமிழில் "கபலா" என்று எழுதி இயல்பாக வாசித்தாலே ரஷ்ய உச்சரிப்பு கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. கடைசி எழுத்தில் அழுத்தம் கொடுத்தால் போதும்.

#9 · வேர்ச்சொல் வேலன்

அரபு, துருக்கி என்று ஊரெல்லாம் சுற்றுகிறீர்கள். பாலைவனத்து வரிச்சொல் பனிக்காட்டுக்குள் எப்படிப் போகும்? யார் தூக்கிக்கொண்டு போனார்கள்?

#10 · ஏடுதேடி

நல்ல கேள்விதான். மங்கோலியர் நிறுவிய தங்கக் கூடாரக் கானரசும் அதன் பின் வந்த தாத்தார் கானரசுகளும் தூக்கிக்கொண்டு போயின. 13ஆம் நூற்றாண்டிலிருந்து ரஷ்யச் சிற்றரசுகள் அவர்களுக்குக் கப்பம் கட்டின. கானரசு 14ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தை ஏற்றது. வரி, வியாபாரம், கருவூலம் சார்ந்த சொற்கள் துருக்கிய மொழி வழியாகக் கும்பலாக உள்ளே வந்த காலம் அது. பணத்துக்கு "தெங்கி". கானின் ஆணைப் பத்திரத்துக்கு "யர்லிக்". இன்று அது கடைச் சரக்கில் ஒட்டும் சீட்டு. சுங்கச்சாவடிக்கு "தமோஷ்னியா", தம்கா என்ற முத்திரை வரியிலிருந்து வந்தது. அரசுக் கருவூலத்துக்கு "கஸ்னா".

கஸ்னா யாரென்று தெரிகிறதா? நம்ம கஜானாதான். அரபு "கஸீனா" துருக்கிய மொழிகள் வழியாக மாஸ்கோவுக்கு கஸ்னா ஆகிப் போனது. அதே வேரில் பிறந்த சொல் பாரசீகம், உருது வழியாக நமக்குக் கஜானா ஆகி வந்தது. இந்த மாதிரி ஜோடிகள் கண்ணெதிரே இருக்கும்போது கபளீகரத்துக்குப் போக வேண்டிய தேவையில்லை.

கபலாவுக்கும் இந்தியாவில் ஓர் உறவு உண்டு. ஷெர்ஷா சூரி 1540 முதல் 1545 வரை ஆண்டபோது நிலவரிக்கு இரண்டு தாள் ஏற்பாடு வைத்தார். அரசு குடியானவனுக்குக் கொடுப்பது பட்டா. குடியானவன் ஏற்றுக்கொண்டு எழுதித் தருவது கபூலியத். பட்டா நம்மிடம் தங்கிவிட்டது. கபூலியத் வடக்கோடு நின்றுவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1550இல் மாஸ்கோவில் நான்காம் இவான் தன் சட்டத்தொகுப்பில் கபலாவுக்கு வரம்பு போடுகிறார். ஏறக்குறைய அதே பத்தாண்டில், ஒரே அரபு வேரில் பிறந்த இரண்டு சொற்கள் தில்லியிலும் மாஸ்கோவிலும் எளியவன் எழுதித் தரும் தாளுக்குப் பெயராக இருக்கின்றன.

#11 · வழக்குரைஞர் 73

தெற்கே கபூலியத் வராததற்குக் காரணம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அந்த இடத்தை முச்சலிக்கா பிடித்துக்கொண்டது. 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டத்தில் பட்டாவும் முச்சலிக்காவும் சேர்ந்தே வரும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பழைய ஜமீன் கட்டுகளில் அந்தச் சொல்லை நிறையப் பார்த்திருக்கிறேன். மங்கிய ஊதா மையில், ரைத்துவின், அதாவது குடியானவரின், பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில்.

முச்சலிக்கா துருக்கி அல்லது மங்கோலிய மூலம் என்று சொல்கிறார்கள். ஆக, எழுதிக் கொடுத்துக் கட்டுப்படுகிற தாளுக்கு ரஷ்யரும் துருக்கியர் வழியில் ஒரு சொல் வாங்கினார்கள், நாமும் ஒரு சொல் வாங்கினோம். வேறு வேறு சொல், அவ்வளவுதான்.

#12 · தமிழாக்கி

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. ஏடுதேடி, அந்தப் பத்திரம் எப்படி இருக்கும்? அதில் என்னதான் எழுதுவார்கள்? அப்புறம், கடன் தாளின் பெயர் எப்போது அடிமைநிலையின் பெயராக மாறியது?

#13 · ஏடுதேடி

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கபலாவில் பல வகை. வெறும் கடன் கபலா என்றால் நம்ம புரோநோட்டு மாதிரி. சிக்கலானது "ஸ்லுஷீலயா கபலா", ஊழியக் கபலா. அதன் வாசகம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

இதோ, இன்னாருடைய மகன் இன்னார் ஆகிய நான், இன்னாரிடம் மாஸ்கோவின் நடக்கும் பணத்தில் இத்தனை ரூபிள் கடன் வாங்கினேன்; இந்த நாளிலிருந்து அடுத்த ஆண்டு இதே நாள் வரை; வட்டிக்குப் பதிலாக என் எசமானின் வீட்டில் எல்லா நாளும் ஊழியம் செய்வேன்; தவணைக்குப் பின்னும் பணம் படுத்துக்கிடந்தால், அதேபோல வட்டிக்காக எல்லா நாளும் ஊழியம் செய்வேன். கீழே சாட்சிகள் பெயர், எழுதியவர் பெயர்.

இதிலுள்ள சொற்களைக் கவனியுங்கள். செலாவணியில் உள்ள பணத்துக்கு "நடக்கிற" பணம் என்று பெயர். வட்டிக்கு "ரோஸ்த்", நேர்ப்பொருள் வளர்ச்சி. வடமொழியிலும் வட்டிக்கு விருத்தி என்றுதான் பெயர். திருப்பித் தராவிட்டால் பணம் "படுத்துவிடுகிறது". நடக்கிறது, வளர்கிறது, படுக்கிறது. கடன் வாங்கியவனைவிட அவன் வாங்கிய பணத்துக்கு இந்தத் தாளில் உயிர் அதிகம்.

கடன் கொடுத்தவரைக் குறிக்கும் சொல் "கசுதார்". ஜாரையும் அப்படித்தான் அழைப்பார்கள். சாட்சிக்கு இங்கே வரும் சொல் "போஸ்லுக்", கேட்டல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, காதால் கேட்டவர். பழைய கீவ் சட்டத்தில் கண்ணால் பார்த்த சாட்சிக்கு "வீதோக்" என்று தனிச் சொல்லே உண்டு. நம்ம சாட்சி வடமொழிக் கண்ணிலிருந்து வந்தவர். அவர் வேலை பார்ப்பது.

இப்போது அந்த வாசகத்தின் பொறி எங்கே என்று பாருங்கள். ஊழியம் வட்டிக்கு மட்டும்தான் சரியாகப் போகிறது. அசல் ஒரு காசுகூடக் குறையாது. பகலெல்லாம் எசமான் வீட்டில் வேலை செய்கிறவன் அசலைத் திருப்பித் தர எங்கே போய்ச் சம்பாதிப்பான்? தாளில் ஒரு வருடக் கெடு. நடப்பில் முடிவே கிடையாது.

1550ஆம் ஆண்டுத் தொகுப்பின் 78ஆம் பிரிவு, இப்படி வட்டிக்கு ஊழியம் செய்கிற கபலாவை 15 ரூபிளுக்கு மேல் எழுதக் கூடாது என்றது. அந்தப் பிரிவில் வரும் தொடர் "தன்மேல் கபலா கொடுப்பது". அதாவது அப்போதும் அது கொடுக்கல் வாங்கல் தாள்தான். வோல்காக்கரை மேலே சொன்ன இன்றைய வழக்கு "கபலாவில் விழுவது". கொடுக்கிற பொருளாக இருந்தது, விழுகிற குழியாகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது?

1597 நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த சட்டம், கபலா எழுதியவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்து விடுபடும் உரிமையை எடுத்துவிட்டது. பணமே கொண்டுவந்தாலும் வாங்கக் கூடாது. எசமான் உயிரோடு இருக்கும்வரை ஊழியம். எசமான் இறந்தால் விடுதலை. வாரிசுகளுக்கு அவன் சொத்தாகப் போகமாட்டான். பழைய முழு அடிமைகளோடு ஒப்பிட்டால் இது ஒரு சலுகைதான், ஆனால் கடன் என்ற பேச்சுக்கே இனி அர்த்தமில்லை. தீர்க்க முடியாத கடன் எப்படிக் கடனாகும்? கபலா அன்றைக்கே ஒரு மனிதனின் நிலைக்குப் பெயராகிவிட்டது என்பது என் கணிப்பு. பேச்சு வழக்கு அதைப் பின்தொடர்ந்து வந்தது. எசமான் இறந்த பிறகும் பலர் போக்கிடமில்லாமல் அவர் மகனிடமே புதிதாகக் கபலா எழுதிக்கொடுத்தார்கள்.

இந்தத் தாள்களை அரசு அலுவலகத்தில் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நோவ்கொரோத் நகரத்துப் பதிவேடுகள் நிறையத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆளின் உயரம், தலைமுடி, கண்ணின் நிறம், முகத்து அடையாளம் எல்லாம் எழுதிவைப்பார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே. அந்தக் காலத்துச் சாதாரண ரஷ்யனின் முகம் எப்படியிருந்தது என்று நமக்குச் சொல்கிற எழுத்து, அவன் தன்னை விற்ற சீட்டு.

#14 · வோல்காக்கரை

ஒரு சந்தேகம். என்னோடு படித்த ரஷ்யப் பையன்கள் சிலர், அடிமைமுறையே தாத்தார்கள் கொண்டுவந்ததுதான், சொல்லைப் பார்த்தாலே தெரியவில்லையா என்பார்கள். அது உண்மையா?

#15 · ஏடுதேடி

சொல் வந்த தேதியை வைத்துப் பொருள் வந்த தேதியைச் சொல்ல முடியாது. மங்கோலியர் வருவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, 1113இல் கீவில் வட்டிக்காரர்களுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. விளதிமிர் மனமாஹ் பட்டத்துக்கு வந்து வட்டிக்கு வரம்பு போட்டார். அந்தக் காலச் சட்டத்தில் "ஸாகுப்" என்று ஒருவன் வருகிறான். முன்பணம் வாங்கிக்கொண்டு அது தீரும்வரை வேலை செய்பவன். ஓடிப்போனால் முழு அடிமை ஆவான். பணம் தேடவோ, நியாயம் கேட்டு அரசரிடமோ வெளிப்படையாகப் போயிருந்தால் அது ஓட்டமாகாது. கடனடிமை இருந்தது, பேரும் இருந்தது, அந்தப் பேரும் ஸ்லாவியம்தான். தாத்தார் காலத்தில் வந்தது எழுத்துப் பத்திரத்துக்கு ஒரு புதுப் பெயர்.

இதற்கு வெளியூர்ச் சொல்தான் வேண்டும் என்றும் இல்லை. பண்ணையடிமை முறைக்கு ரஷ்யத்தில் என்ன பெயர்? க்ரேபஸ்த் என்ற சொல்லிலிருந்து வந்த "கிரிபஸ்னோயே ப்ராவொ". க்ரேபஸ்த் என்றால் உறுதி, கெட்டி, கோட்டை. கூடவே உறுதிப்பத்திரம். சொத்து விற்றால் எழுதும் கிரயப் பத்திரத்துக்கு 1917 வரை "கூப்சயா க்ரேபஸ்த்" என்றுதான் பெயர். முதலில் பத்திரம், பிறகு பத்திரத்தால் கட்டுண்ட ஆள், பிறகு அந்த முறைக்கே பெயர். கபலா போன அதே ரோட்டில் உள்ளூர்ச் சொல் ஒன்றும் போயிருக்கிறது.

#16 · சும்மா எட்டிப்பார்த்தவன்

திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரை ஓலையைக் காட்டி ஆளாக்கிக்கொண்ட கதை ஞாபகம் வருகிறது. ஆளோலை. அங்கே எசமான் சிவபெருமான் என்பதால் தப்பித்தார்.

எனக்குப் புரியாத ஒன்று: திருப்பித் தர முடியாது என்று தெரிந்தும் ஏன் எழுதிக் கொடுத்தார்கள்?

#17 · ஏடுதேடி

பசிதான். வேறென்ன.

1601 முதல் 1603 வரை ரஷ்யாவில் பெரும் பஞ்சம். கோடையில் உறைபனி விழுந்து பயிர் கருகியது. 1600இல் பெருவில் வெடித்த வைனபுத்தினா எரிமலையோடு அதை இன்று தொடர்புபடுத்துகிறார்கள். கூட்டம் கூட்டமாகக் கபலா எழுதிக் கொடுத்துச் சோற்றுக்கு வழி தேடினார்கள். அதே பஞ்சத்தில் எசமான்கள் பலர் தங்கள் ஆட்களைச் சோறு போடாமல் வெளியே துரத்தினார்கள். ஆனால் விடுதலைச் சீட்டு மட்டும் கொடுக்கவில்லை. பஞ்சம் தீர்ந்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளலாமே! சீட்டு இல்லாதவனை வேறு யாரும் வேலைக்குச் சேர்க்கவும் பயப்படுவார்கள். 1603 ஆகஸ்டில் ஜார் போரிஸ் கதுனோவ் ஓர் ஆணை போட்டார்: அப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு எசமான் சீட்டுத் தராவிட்டால் அடிமை வழக்கு அலுவலகமே கொடுக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஹலோப், அதாவது அடிமை, வரி கட்ட வேண்டியதில்லை. வரிச்சுமை தாங்காதவனுக்குக் கபலா ஓர் ஒளிவிடம். கடைசியில் இந்த நிலையை ஒழித்ததும் வரிதான். முதலாம் பீட்டர் தலைவரி போட்டபோது, 1723-24இல், வீட்டு அடிமைகளையும் பண்ணையடிமைகளோடு சேர்த்துக் கணக்கில் ஏற்றினார். ஹலோப் என்ற தனி நிலை காணாமல் போனது. சேர்ந்த இடம் விடுதலை இல்லை என்பது வேறு விஷயம்.

#18 · வழக்குரைஞர் 73

சரி, தமிழாக்கி அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

1922ஆம் ஆண்டு சோவியத் ரஷ்யாவின் உரிமையியல் தொகுப்பு 33ஆம் பிரிவில் இதே கருத்து இருக்கிறது: கடும் தேவையின் காரணமாக ஒருவர் தனக்கு வெளிப்படையாகவே பாதகமான ஒப்பந்தம் செய்தால் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கலாம். இப்போதைய 179ஆம் பிரிவு அதன் வாரிசு. அடிமைமுறை போய் நூற்றாண்டுகள் ஆனபின்னும் சட்டம் அந்தப் பழைய பத்திரத்தின் பெயரைப் பெயரடையாக வைத்திருக்கிறது, அவ்வளவே. யாரும் யாருக்கும் ஊழியம் செய்ய வேண்டியதில்லை.

ஓர் உதாரணம் வைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு அவசர அறுவைச் சிகிச்சை. நாளைக்குள் பணம் வேண்டும். தெரிந்தவர் ஒருவர், நெருக்கடி தெரிந்தே, வீட்டைக் கால் விலைக்குக் கேட்கிறார். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். இதுதான் கபால்னயா ஸ்தெல்கா. பாதகமான விலை மட்டும் போதாது. இக்கட்டு இருந்திருக்க வேண்டும், அதனால்தான் ஒத்துக்கொண்டார் என்றிருக்க வேண்டும், எதிராளி அதைத் தெரிந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் வாதிதான் நிரூபிக்க வேண்டும். கெடுவும் குறைவு, பொதுவாக ஓர் ஆண்டு. அதனால் வழக்குப் போடுவதை விட ஜெயிப்பது கடினம்.

நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவை, தகாத செல்வாக்கு, இங்கே கொண்டுவந்து பொருத்திவிடாதீர்கள். அதில் ஒருவர் மற்றவரின் மனத்தை ஆட்டிப்படைக்கும் நிலையில் இருக்க வேண்டும். ரஷ்யப் பிரிவில் அந்த உறவு தேவையில்லை. முன்பின் தெரியாதவனாகக்கூட இருக்கலாம். உங்கள் நெருக்கடி அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கந்துவட்டி என்றும் போடக் கூடாது. அதற்கு அங்கே தனியாக ஏற்பாடு இருக்கிறது. 809ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு, 2018இல் நடைமுறைக்கு வந்தது. தனிநபர்களுக்கு இடையிலான கடன் போன்றவற்றில், வழக்கமான வட்டியைப் போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்து கடனாளிக்கு மிகையான சுமையானால் நீதிமன்றம் குறைக்கலாம். அதற்குப் பெயர் "ரஸ்தவ்ஷீச்செஸ்கியே ப்ரத்சென்தி". ஏடுதேடி சொன்ன அந்த "வளர்ச்சி", ரோஸ்த், அங்கே உட்கார்ந்திருக்கிறது.

என் யோசனை: "இக்கட்டைச் சுரண்டிய ஒப்பந்தம்".

#19 · வோல்காக்கரை

நல்ல சொல். ஆனால் கபால்னயா என்று கேட்டதும் ரஷ்யருக்குக் கிடைக்கிற அந்தக் குத்தல் இதில் இல்லை. "அடிமைச்சீட்டு ஒப்பந்தம்" என்றால்?

#20 · வழக்குரைஞர் 73

பத்திரிகைக் கட்டுரை என்றால் தாராளமாகப் போடலாம் தம்பி. சட்டப் பிரிவின் தமிழாக்கத்தில் குத்தல் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்.

#21 · தமிழாக்கி

முடிவு செய்துவிட்டேன். சட்ட வாசகத்தில் "இக்கட்டைச் சுரண்டிய ஒப்பந்தம்". முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் கபால்னயா ஸ்தெல்கா என்று தமிழ் எழுத்தில் கொடுத்து, பின்குறிப்பில் இரண்டு வரி வரலாறு. முன்னுரையில் 1550, 1597 பற்றிப் பேசும் இடத்தில் "கபலா" என்றே வைத்துக்கொள்கிறேன். கொத்தடிமை வேண்டாம். நைனாவின் உப்பு வரிக்கு இடம் இருக்காது என்று நினைக்கிறேன், பக்க வரம்பு இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

#22 · வேர்ச்சொல் வேலன்

நன்றி எனக்கும் சேர்த்துத்தானே? கபளீகரத்தை நான் விடவில்லை. விருத்தி அங்கே ரோஸ்த் ஆகிப் பொருள் மாறாமல் இருக்கிறது என்றால் கபளம் மட்டும் என்ன பாவம் செய்தது? அது கிடக்கட்டும். அந்த ஹலோப் என்ற சொல்லை யாரும் தொடவில்லையே. பண்ணையில் உழுகிறவன் அவன். கலப்பை. ஹலப்பை. ஹலோப். பொருந்துகிறதா இல்லையா?

#23 · மட்டுறுத்துநர்

வேலன் ஐயா, ஹலோப்புக்குத் தனி இழை தொடங்குங்கள். ஏடுதேடி அங்கே வருவார். இது இத்துடன் பூட்டப்படுகிறது.